துணியில் நிற்கும் இரண்டு லிட்டர்

லண்டனில் நவம்பர் பிறந்துவிட்டால் கொடியில் போட்ட துணி காயாது. நான்கு மணிக்கெல்லாம் இருட்டிவிடும். மழை பெய்யாத நாளிலும் காற்று ஈரமாகவே இருக்கும். ட்ரையர் இல்லாத வீடுகளில் ரேடியேட்டர் மேல், நாற்காலி முதுகில், மாடிப்படிக் கைப்பிடியில் என்று எங்கும் துணிதான். பல குளிர்காலங்களாக எங்கள் வீட்டில் டீஹியூமிடிஃபையர் வைத்துத்தான் காயவைக்கிறோம். அதில் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

நான்கு கிலோ துணியை 1,400 சுற்றில் பிழிந்து எடுத்தாலும் ஏறத்தாழ இரண்டு லிட்டர் தண்ணீர் அதில் தங்கியிருக்கும். 20 டிகிரியில் ஒரு கன மீட்டர் காற்று அதிகபட்சம் 17 கிராம் நீராவியைத்தான் தாங்கும். சின்ன அறை ஒன்றில் 25 கன மீட்டர் காற்று இருந்தால், அது முழுக்க நிரம்பினாலும் அரை லிட்டர் கொள்ளாது. மீதித் தண்ணீரில் கொஞ்சம் இடுக்குகள் வழியே வெளியேறும். மற்றது ஜன்னல் கண்ணாடியிலும், பீரோவுக்குப் பின்னால் இருக்கும் குளிர்ந்த சுவரிலும் போய்ப் படியும். கரும்பூஞ்சை பிடிப்பது அங்கேதான். ரேடியேட்டரைக் கூட்டிவைத்தால் துணி காய்ந்துவிடும், உண்மை. ஆனால் துணியில் இருந்த ஈரம் சுவருக்கு மாறியிருக்கும்.

டீஹியூமிடிஃபையர் அந்தத் தண்ணீரைப் பிடித்துத் தொட்டியில் இறக்குகிறது. காற்றை இழுத்துக் குளிர்ந்த குழாய்ச்சுருள் மேல் ஓட்டி, உலர்ந்த காற்றை வெதுவெதுப்பாகத் திருப்பி விடுகிறது. அது செலவழிக்கும் மின்சாரம் முழுக்க வெப்பமாக அறையிலேயே தங்கிவிடுவதால் குளிர்காலத்தில் அதுவும் ஒரு லாபம்.

எல்லோரும் தயங்கும் இடம் ஒன்று உண்டு. கதவையும் ஜன்னலையும் மூட வேண்டும். ஈரத் துணி என்றால் ஜன்னலைத் திறந்துவிடு என்று கேட்டே வளர்ந்தவர்கள் நாம். இந்த இயந்திரம் ஓடும்போது ஜன்னலைத் திறந்து வைத்தால் அது தெருவின் ஈரத்தையும் சேர்த்து உறிஞ்சிக்கொண்டிருக்கும். வீட்டில் இருப்பதிலேயே சின்ன அறையைத் தேர்ந்தெடுங்கள். வாஷிங் மெஷினில் கூடுதலாக ஒரு ஸ்பின் ஓட்டுங்கள். தண்ணீரைப் பிரிக்க அதைவிட மலிவான வழி இல்லை. துணிகளுக்கு நடுவே ஒரு கை நுழையும் இடைவெளி வேண்டும். இயந்திரத்திலிருந்து காற்று வரும் பக்கம் துணியைப் பார்த்து இருக்கட்டும். ஒரு சின்ன மின்விசிறியும் கூட இருந்தால் நேரம் நன்றாகவே குறையும். ஜீன்ஸை உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பிப் போடுங்கள். வேட்டி, போர்வையை நாலாக மடித்துப் போட்டால் நடு மடிப்பு மறுநாளும் ஈரமாகவே இருக்கும்.

மலிவான ஈரப்பதமானி ஒன்று வாங்கி அறையின் எதிர்ப்பக்கம் வையுங்கள். நான் 50 சதவீதத்தைக் குறியாக வைத்துக்கொள்கிறேன். முள் அங்கே இறங்கி அசையாமல் நின்றால் துணி காய்ந்துவிட்டது என்று பொருள். 40-க்குக் கீழே கொண்டுபோக வேண்டாம். தொண்டையும் தோலும் வறண்டுவிடும்.

உள்ளே காய்ந்த துணியில் அடிக்கும் மக்கிய வாடைக்கு மொராக்ஸெல்லா ஓஸ்லோயென்சிஸ் என்ற பாக்டீரியா ஒரு முக்கியக் காரணம் என்று 2012-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் காட்டினார்கள். துணி ஈரமாக எவ்வளவு நேரம் கிடக்கிறதோ அவ்வளவுக்கு அது பெருகும். வாசனைத் திரவம் ஊற்றுவதை விட்டுவிட்டுச் சீக்கிரம் காயவைக்கும் வழியைப் பாருங்கள்.

வாங்கும்போது பெட்டியில் இருக்கும் ‘20 லிட்டர்’ என்ற எண்ணை அப்படியே நம்பக்கூடாது. அது வழக்கமாக 30 டிகிரி வெப்பத்திலும் 80 சதவீத ஈரப்பதத்திலும் அளந்த அளவு. 18 டிகிரி அறையில் அதில் பாதிகூட வராது. கம்ப்ரஸர் வகை, சூடு உள்ள அறைக்கு ஏற்றது. குளிர் கூடினால் சுருளில் பனி உறைந்து வேகம் குறையும். சூடேற்றாத கராஜ், பின்கட்டு போன்ற இடங்களுக்கு சுருளுக்குப் பதில் ஈரம் உறிஞ்சும் பொருளால் இயங்கும் டெசிக்கன்ட் வகைதான் சரி, ஆனால் மின்சாரம் கூடுதலாகத் தின்னும். 200 வாட் கம்ப்ரஸர் எட்டு மணி நேரம் ஓடினால் 1.6 யூனிட். பழைய வகை டம்பிள் ட்ரையர் ஒரு முழுச் சுமைக்கு நான்கு, ஐந்து யூனிட் எடுக்கும்.

தொட்டித் தண்ணீரைக் கழிப்பறையில் ஊற்றுங்கள். பார்க்கத் தெளிவாக இருந்தாலும் தூசியும் கிருமியும் கலந்தது. ஊரில் இருப்பவர்கள் இதை இன்வெர்ட்டர் பேட்டரியில் ஊற்றலாமா என்று கேட்கிறார்கள், கூடாது.

இவ்வளவு சொன்ன பிறகும் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். 2020 டிசம்பரில் ராச்டேல் நகரில் அவாப் இஷாக் என்ற இரண்டு வயதுக் குழந்தை இறந்தது. வீட்டுப் பூஞ்சையை நெடுங்காலம் சுவாசித்ததால் வந்த மூச்சு நோயே காரணம் என்று 2022-இல் மரண விசாரணையில் முடிவானது. ஈரம், பூஞ்சை குறித்து அவன் பெயரால் வந்த சட்டம் 2025 அக்டோபர் 27 முதல் இங்கிலாந்தின் சமூகக் குடியிருப்புகளில் நடைமுறையில் இருக்கிறது. துணியை உள்ளே காயவைக்கிறீர்கள், அதனால்தான் பூஞ்சை என்று குடியிருப்பவர் மீதே பழி போடும் வழக்கம் இன்னும் இருக்கிறது. கூரை ஒழுகலையும் அடிச்சுவரில் ஏறும் ஈரத்தையும் எந்த இயந்திரமும் சரிசெய்யாது. ஈரப்பதமானி நாள்கணக்கில் 50 காட்டியும் சுவரின் ஒரு மூலை நனைந்தே இருந்தால், பெரும்பாலும் அது துணியின் ஈரமாக இருக்காது. ஈரப்பதமானியையும் சுவரையும் சேர்த்துத் தேதி தெரியும்படி படம் எடுத்து, வீட்டுக்காரருக்கு எழுத்திலேயே அனுப்புங்கள்.