சாம்பல் பூத்த கைப்பிடி: அது என்ன மரம்?

எங்கள் பள்ளியின் மாடிப்படி கட்டடத்துக்கு வெளியே இருக்கிறது. மொத்தம் 18 படிகள். ஒரு பக்கம் சுவர், மறுபக்கம் மரக் கைப்பிடி. செங்கோட்டை வட்டாரத்துப் பழைய கட்டடங்களில் மரத்தைத் தாராளமாகவே போட்டிருப்பார்கள். மலை பக்கத்தில் இருக்கிறது. 1956 வரை இந்தப் பகுதி திருவிதாங்கூரோடும் இருந்தது. ஜூனில் தொடங்கும் சாரலும், அது ஓய்ந்ததும் அடிக்கும் வெயிலும் சேர்ந்து கைப்பிடியைச் சாம்பல் நிறமாக்கி வரிவரியாக வெடிக்க வைத்திருந்தன.

சென்ற ஆண்டு ஆறாம் வகுப்பு மாணவி ஒருத்தியின் உள்ளங்கையில் அதிலிருந்து சிராய் ஏறியது. காலை ஊன்றி நடக்கச் சிரமப்படும் குழந்தை அவள். கைப்பிடியை இறுகப் பற்றித்தான் மாடி ஏறுவாள். மறுநாளிலிருந்து சுவரைத் தடவிக்கொண்டு ஏறினாள். சுவரில் பிடிமானம் ஏது?

பள்ளி மேலாண்மைக் குழுவில், "கட்டை இற்றுப்போச்சு, கழற்றிட்டு இரும்புக் குழாய் போடுங்க" என்றார் ஒருவர். "தேக்கு ஆச்சே, வித்தாலே காசு" என்றார் இன்னொருவர். இருவருமே மேலாகப் பார்த்துச் சொன்னவர்கள். எட்டாம் வகுப்பு அறிவியலுக்கு இதைவிட நல்ல கேள்வி கிடைக்காது என்று தோன்றியதால் ஒரு வாரம் அவகாசம் கேட்டேன்.

மேலாகப் பார்த்து ஏமாந்ததில் எனக்கும் பங்கு உண்டு. மூன்று ஆண்டுகளுக்கு முன் அந்தச் சாம்பல் நிறத்தின் மேலேயே ஒரு டப்பா வார்னிஷை நான்தான் அடிக்கச் சொன்னேன். அடுத்த சாரலுக்குள் அது செதில் செதிலாகக் கழன்று வந்துவிட்டது.

இற்றதா, வெளுத்ததா?

மரத்தில் இழைகளாக இருப்பது செல்லுலோஸ். அவற்றைப் பிணைத்து வைப்பது லிக்னின். வெயிலின் புற ஊதாக்கதிர் லிக்னினைச் சிதைக்கிறது, மழை அதைக் கழுவிவிடுகிறது. மிஞ்சும் வெளிறிய இழைகளில் பூஞ்சையும் தூசியும் சேர்வதால் சாம்பல் நிறம் வருகிறது. இந்த அடுக்கு ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான ஆழமே உள்ளது. என் வார்னிஷ் ஒட்டியது மரத்தில் அல்ல, பிணைப்பு விட்டுப்போன இந்த இழைகளில்தான்.

இற்றுப்போவது வேறு. பூஞ்சை மரத்தின் உள்ளேயே புகுந்து அதை உண்பதுதான் அது. வேறுபாட்டை அறிய ஒரு திருப்புளி போதும். மாணவர்கள் ஒவ்வொரு படிக்கும் நேரே, கைப்பிடியின் அடிப்பக்கத்தில் அதை அழுத்திப் பார்த்துக் குறித்துக்கொண்டார்கள். 17 இடங்களில் முனை இறங்கவில்லை. கீழ்ப்படியில், தண்ணீர் தேங்கும் அடித்தூணை ஒட்டி ஒரு சாண் நீளம் மட்டும் ஈரப் பஞ்சுபோல் உள்வாங்கியது. கட்டையின் வெட்டு முனை தண்ணீரை உறிஞ்சும் என்பதால் இற்றல் பெரும்பாலும் அங்கிருந்துதான் தொடங்குகிறது. உங்கள் பள்ளியில் பல இடங்களில் முனை இறங்கினாலோ, பிடித்து உலுக்கும்போது கைப்பிடி ஆடினாலோ மெருகேற்றும் பேச்சே வேண்டாம். பொறியாளரை அழைப்பதுதான் சரி.

எந்த மரம்?

மாணவர் ஒருவரின் தந்தை தச்சுவேலை செய்பவர். இற்ற பகுதியை அறுத்தெடுத்து, அதிலிருந்த நல்ல கட்டையிலிருந்து மூன்று சிறு துண்டுகளை நேர்த்தியாக இழைத்துத் தந்தார். வாசனை பார்த்ததுமே அவருக்குத் தெரிந்துவிட்டது. "பிள்ளைங்க கண்டுபிடிக்கிற வரைக்கும் சொல்லாதீங்க அண்ணே" என்று கேட்டுக்கொண்டேன். சிரித்துக்கொண்டே போய்விட்டார்.

துண்டுகளைச் சில நாள் உலர்த்திய பின் மூன்று குழுக்களுக்கும் கொடுத்தேன். ஒரு துண்டு 6 செ.மீ. நீளம், 4 செ.மீ. அகலம், 3 செ.மீ. உயரம், எடை 57 கிராம். கன அளவு 72 கன செ.மீ. என்பதால் அடர்த்தி ஏறத்தாழ 0.79. மற்ற குழுக்களுக்கு 0.77, 0.82 என வந்தன. காய்ந்த தேக்கு 0.65 அளவில் இருக்கும். கன அளவுக்குத் துண்டைத் தண்ணீரில் மூழ்கடிக்க ஒரு குழு தயாரானது. மரம் தண்ணீரைக் குடித்துவிடும் என்பதால் அளவுகோலே போதும் என்றேன்.

வெட்டு முகத்தை நனைத்துக் கைலென்ஸில் பார்த்தோம். தேக்கில் ஒவ்வொரு வளர்ச்சி வளையத்தின் தொடக்கத்திலும் பெரிய துளைகள் கோத்த மணிபோல் வரிசையாக நிற்கும். எங்கள் துண்டில் அந்த வரிசை அவ்வளவு தெளிவாக இல்லை. தேக்கைச் சீவும்போது வரும் தோல்பொருள் போன்ற மணமும், தொட்டால் மெழுகுபோன்ற வழவழப்பும் இல்லை. ஆகவே இது தேக்கல்ல. ஆனால் 0.8 அடர்த்தியில் வேங்கையும் உண்டு, கருமருதும் உண்டு. அடர்த்தியை மட்டும் வைத்துப் பெயர் சூட்ட முடியாது.

வகுப்பையே எழுந்து நிற்க வைத்தது கடைசிச் சோதனைதான். ஒரு பிடி சீவலைக் கண்ணாடித் தம்ளர் தண்ணீரில் இரவு முழுக்க ஊறப் போட்டோம். காலையில் தண்ணீர் தேநீர் நிறத்தில் இருந்தது. கருப்புத் துணியின் முன்னால் வெயிலில் பிடித்தபோது விளிம்பில் நீலச் சாயல் தெரிந்தது. "சார்ட்டுல இல்லாத கலர் டீச்சர்!" என்றான் ஒருவன். வேங்கையின் இந்த உடனொளிர்வு அதை இனம்காண நல்ல அடையாளம். வேங்கையின் இனத்தைச் சேர்ந்த மரங்கள் உள்ளிட்ட சிலவற்றின் ஊறல்நீரில் தெரியும் இந்த நீலத்தை 1664இல் வெளிவந்த தம் நூலில் ராபர்ட் பாயில் ஆராய்ந்திருக்கிறார். வேங்கைக் குவளையில் தண்ணீர் ஊற்றிவைக்கும் வழக்கம் உள்ள வீட்டுப் பிள்ளைகள் இதைப் பார்த்திருக்கவும் கூடும். ஆணிகளைச் சுற்றி இருந்த கருங்கறையைப் பற்றியும் கேட்டார்கள். மரத்தின் டானினும் இரும்பும் சேர்ந்தால் கருப்பு வரும். கடுக்காய் மையும் அப்படித்தான்.

வேங்கை வைரம் எளிதில் இற்றுப்போகாது. குழுவின் அடுத்த கூட்டத்தில் குறிப்பேட்டை வைத்ததும் குழாய்ப் பேச்சு நின்றது. நண்பகல் வெயிலில் குழாயைத் தொட முடியாதே என்று ஒரு தாயும் நினைவூட்டினார்.

மெருகேற்றியது யார்?

மாணவர்கள் அல்ல. தேய்ப்பதும் பூசுவதும் தச்சரின் வேலை. அது விடுமுறை நாள்களில், கூலி கொடுத்து நடந்தது. மரத்தூள் மூச்சுக்கு ஆகாது. கறை நீக்கப் பயன்பட்ட ஆக்ஸாலிக் அமிலம் நச்சு. உங்கள் கைப்பிடியில் பழைய வண்ணப்பூச்சு இருந்தால் கூடுதல் எச்சரிக்கை வேண்டும். வீட்டு உபயோகப் பெயிண்டில் ஈயம் 90 பி.பி.எம்.-ஐத் தாண்டக் கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய பூச்சை உப்புத்தாளால் தேய்த்தால் ஈயத்தூள் பறக்கலாம்.

சோப்புநீரும் நார்த் தூரிகையும் கொண்டு ரேகையின் போக்கிலேயே கழுவினார். இரும்புக் கம்பி நார் கூடாது என்றார். அதன் துணுக்குகள் துருப்பிடித்துக் கரும்புள்ளி விடும். ஒரு வாரம் காயவிட்டு 80ஆம் எண், பிறகு 120ஆம் எண் உப்புத்தாளால் தேய்த்தார். வெடிப்புகளின் ஓரத்தை மழுக்குவதில்தான் அதிக நேரம் செலவழித்தார். சிராய் கிளம்புவது அங்கிருந்துதானே? கீழே அறுத்த இடத்தில் புதிய வேங்கைத் துண்டை இணைத்து, அது தரையைத் தொடாமல் ஒரு விரல் இடைவெளி விட்டார்.

பூச்சுக்குக் காய்ச்சிய ஆளிவிதை எண்ணெயைத் தேர்ந்தோம். அரக்குப் பாலிஷ் மழைபட்டால் வெளுத்துப்போகும். வார்னிஷ் மேலே படலமாக நிற்பது. ஒளி அதை ஊடுருவி அடியிலிருக்கும் லிக்னினைத் தாக்கினால் படலம் கழன்றுவிடும். எண்ணெய் உள்ளே இறங்கும், மெல்லத் தேயும், சுரண்டாமலே மறுபடி பூசலாம். ஆண்டுதோறும் பூச வேண்டும் என்பது அதன் குறை. எண்ணெய் துடைத்த துணிகளைச் சுருட்டிப் போட்டால் தானாகவே சூடேறித் தீப்பிடிக்கலாம். அவற்றை விரித்துக் காயவைத்த பிறகே அப்புறப்படுத்த வேண்டும்.

அந்த மாணவி இப்போது கைப்பிடிப் பக்கமாகவே ஏறுகிறாள். சாரலுக்கு முன்பு ஒவ்வொரு படிக்கும் நேரே ஒரு துளி தண்ணீர் விட்டுப் பார்ப்பது எட்டாம் வகுப்பின் பொறுப்பு. துளி உருண்டு நின்றால் பூச்சு இருக்கிறது. உறிஞ்சினால் அங்கே எண்ணெய் வேண்டும். இந்த ஜூனில் பள்ளி திறந்ததும் எழுதிய குறிப்பில், 4, 5, 12ஆம் படிகளில் உறிஞ்சியதாக உள்ளது.