கேமரா மாத்திரை: விழுங்கும் முன் தெரிய வேண்டியவை

"மாத்திரை வடிவில் கேமரா வந்துவிட்டது, இனி வாய் வழியாகக் குழாய் விட வேண்டியதில்லை" என்ற நம்பிக்கையோடு பலர் மருத்துவரிடம் போகிறார்கள். ஆனால் குழாய்ப் பரிசோதனைக்கு மாற்றாக வந்ததல்ல இந்த மாத்திரைப் பரிசோதனை, அதாவது கேப்ஸ்யூல் எண்டோஸ்கோப்பி. வாய்வழிக் குழாய் இரைப்பையையும் சிறுகுடலின் தொடக்கத்தையும் காட்டும். கொலனோஸ்கோப்பி பெருங்குடலைக் காட்டும். இடையில் சுருண்டு கிடக்கும் சிறுகுடலின் பெரும்பகுதி இரண்டுக்கும் எட்டாது. 2001இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற இந்த கேப்ஸ்யூல் முதன்மையாக அந்த இடத்துக்கானது. இரண்டு குழாய்ப் பரிசோதனைகளிலும் காரணம் தெரியாத ரத்தக்கசிவு, தீராத ரத்தசோகை ஆகியவற்றுக்கே பெரும்பாலும் இதைப் பரிந்துரைக்கிறார்கள். இது படம் மட்டும்தான் எடுக்கும். சதைத் துணுக்கு எடுக்கவோ கசிவை நிறுத்தவோ இதனால் முடியாது. ஏதாவது தென்பட்டால் அடுத்த சிகிச்சை தனி.

"விழுங்கினால் வேலை முடிந்தது" என்பதும் சரியல்ல. இரும்புச்சத்து மாத்திரை குடலில் கருப்பாகப் படிந்து படத்தை மறைக்கும். அதனால் சில நாட்களுக்கு முன்பே நிறுத்தச் சொல்வார்கள். சுமார் 10 முதல் 12 மணி நேரம் வெறும் வயிறாக இருக்க வேண்டும். விழுங்கிய பின் பொதுவாக 2 மணி நேரத்தில் தண்ணீரும், 4 மணி நேரத்தில் லேசான உணவும் அனுமதிப்பார்கள். மயக்க மருந்து கிடையாது. இடுப்பில் பதிவுக் கருவியுடன் நடமாடலாம். 8 மணி நேரத்துக்கும் மேல் ஓடும் கேமரா 50,000க்கும் அதிகமான படங்களை எடுக்கும். ஒரு மருத்துவர் உட்கார்ந்து அத்தனையையும் பார்க்க வேண்டும். அன்று மாலையே ரிப்போர்ட் கேட்டு அவரை அவசரப்படுத்தாதீர்கள்.

"உள்ளே மாட்டிக்கொண்டால்?" இந்தப் பயத்தை மட்டும் நான் தள்ளிவிட மாட்டேன். கேப்ஸ்யூல் ஏறக்குறைய 26 மில்லிமீட்டர் நீளம், 11 மில்லிமீட்டர் தடிமன். பெரும்பாலானவர்களுக்கு ஓரிரு நாளில் தானாக மலத்தோடு வெளியேறும். அதை எடுத்துக் கழுவித் திருப்பிக் கொடுக்க வேண்டியதில்லை. 100 பேரில் ஒன்றிரண்டு பேருக்குத் தங்கலாம். குடல் எங்காவது குறுகியிருந்தால் அந்த ஆபத்து கூடும். க்ரோன் நோய், வயிற்றில் பழைய அறுவை சிகிச்சை, வயிற்றுக்குக் கதிர்வீச்சு, மூட்டுவலிக்காக ஆண்டுக்கணக்கில் விழுங்கிய வலி மாத்திரைகள் இவையெல்லாம் குறுகலுக்குக் காரணமாகலாம். நம் நாட்டில் குடல் காசநோயையும் சேர்த்துக்கொள்ளுங்கள். எப்போதோ டிபி மருந்து சாப்பிட்டது நினைவிருந்தாலும் வெட்கப்படாமல் சொல்லுங்கள். சந்தேகமிருந்தால் முதலில் ஸ்கேன் எடுப்பார்கள், அல்லது உள்ளேயே கரைந்துவிடும் வெள்ளோட்ட கேப்ஸ்யூல் ஒன்றைக் கொடுத்துப் பார்ப்பார்கள். தங்கிவிட்ட கேப்ஸ்யூலைச் சில நேரம் அறுவை சிகிச்சை செய்துதான் எடுக்க வேண்டியிருக்கும். விழுங்கிய பின் வயிற்றுவலி, வாந்தி, வயிறு உப்புசம் வந்தால் காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போங்கள். கேப்ஸ்யூல் வெளியேறியது உறுதியாகும்வரை எம்ஆர்ஐ ஸ்கேன் கூடவே கூடாது. வெளியேறியதா என்று தெரியாவிட்டால் ஒரு எக்ஸ்ரே சொல்லிவிடும்.

"ரிப்போர்ட் நார்மல், ஆகவே நோயே இல்லை" என்று மருந்தை நிறுத்துபவர்களும் உண்டு. கேப்ஸ்யூல் கடக்கும் நேரத்தில் கசிவு நின்றிருக்கலாம். பெருங்குடலை எட்டுமுன் பேட்டரி தீர்ந்திருக்கலாம். ஹீமோகுளோபின் மறுபடி இறங்கினாலோ மலம் கருத்தாலோ, பழைய ரிப்போர்ட்டைக் கையில் எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் திரும்பிப் போங்கள். மறுபடியும் பரிசோதிக்கலாம் என்று அவர் சொன்னால் அதில் நியாயம் உண்டு.