மரத்தளம் பழுதுபார்க்க ஆள் அமர்த்துவோர் கவனத்திற்கு

கிள்ளான் பள்ளத்தாக்கின் ஈரவெப்பத்தில், வீட்டின் பின்புறம் பலகை பாவி அமைக்கப்படும் திறந்த மரத்தளம், மேலே உறுதியாகத் தோன்றினாலும் அடியில் உளுத்திருக்கக்கூடும்.

1. பலகைகளைத் தாங்கும் அடிச்சட்டங்களைப் பாராமலே விலை கூறுபவரைத் தவிர்க்க. அழுகலும் கறையானும் பெரும்பாலும் அங்கேதான் தொடங்குகின்றன.

2. மாற்றுப் பலகை செங்காலா, பாலாவா என்பதை விலைப்பட்டியலில் எழுதி வாங்குக. எண்ணெய் பூசியபின் மரவகையைக் கண்ணால் பிரித்தறிதல் கடினம்.

3. பிரிக்பீல்ட்ஸிலோ கிள்ளானிலோ அவர் முன்பு செப்பனிட்ட தளமொன்றைக் காட்டச் சொல்க. ஓராண்டு மழை கண்ட வேலையே தரத்தை உணர்த்தும்.

4. கட்டுமானத் தொழில்துறை மேம்பாட்டு வாரியமான சிஐடிபியில் அவர் பதிவு பெற்றவரா எனச் சரிபார்க்க. 1994ஆம் ஆண்டின் 520ஆம் சட்டம் ஒப்பந்தக்காரருக்கு அப்பதிவைக் கட்டாயமாக்குகிறது.

5. முன்பணத்தைச் சிறிதாக்கி, மீதியை முடிந்த வேலைக்கேற்ப வழங்கி, ரசீதுகளைத் தவறாது பாதுகாக்க. பணி பாதியில் நின்றால், நுகர்வோர் வழக்குகளை வழக்கறிஞரின்றி விசாரிக்கும் பயனீட்டாளர் கோரிக்கைத் தீர்ப்பாயத்தில், 5 ரிங்கிட் கட்டணம் செலுத்தி, 50,000 ரிங்கிட் வரை 3 ஆண்டுகளுக்குள் கோரலாம் என்பதால், எழுத்துச் சான்றே அங்கு முதன்மைத் துணையாகும்.

6. எண்ணெய்ப் பூச்சை மழை குறைந்த ஜூன், ஜூலையில் வைத்துக்கொள்க. ஈரமரம் எண்ணெயை உறிஞ்சாது.