ஒரே ஒரு குச்சிதானே! – வெளிநாட்டிலிருந்து செடி, விதை, இறைச்சி கொண்டுவர என்ன விதி?

விமான நிலையத்தில் சுங்கத்துறையினர் தங்கத்தைத்தான் தேடுவார்கள் என்று நம்மில் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறோம். சுங்க உறுதிமொழிப் படிவத்தை ஒருமுறை பொறுமையாகப் படித்துப் பாருங்கள். தங்கம், வெளிநாட்டுப் பணம் பற்றிய கேள்விகளோடு இன்னும் இரண்டு கேள்விகள் இருக்கும். இறைச்சி, பால் பொருட்கள், மீன், கோழிப் பொருட்கள் வைத்திருக்கிறீர்களா? விதை, செடி, பழம், பூ, நடவுப் பொருட்கள் வைத்திருக்கிறீர்களா?

"இதெல்லாம் யார் சார் கேக்கப் போறாங்க?" என்று தாண்டிப் போய்விடுகிறோம். மகள் வீட்டுத் தோட்டத்து ரோஜாக் குச்சி ஈரத்துணியில் சுற்றப்பட்டுப் பெட்டிக்குள் போகிறது. அங்கே தின்ற பழம் ருசியாக இருந்தது என்று அதன் கொட்டை கைப்பைக்குள் போகிறது. கேட்டால், "ஒரே ஒரு குச்சிதானே, என்ன ஆயிடப் போகுது?" என்பார்கள்.

என்ன ஆகும் என்பதைச் சேலம், நாமக்கல் பக்கம் மரவள்ளி போட்ட விவசாயிகளைக் கேட்டால் சொல்வார்கள். அங்கே அதற்குப் பெயர் குச்சிக்கிழங்கு. சேகோ ஆலைகள் ஓடுவதும், நம் வீட்டுப் பாயசத்துக்கு ஜவ்வரிசி வருவதும் அந்தக் கிழங்கால்தான். 2020-இல் கேரளத்தின் திருச்சூரில் மரவள்ளி மாவுப்பூச்சி இந்தியாவிலேயே முதல்முறையாகக் கண்டுபிடிக்கப்பட்டது. பிறகு அது நம் பக்கத்து வயல்களுக்கும் வந்து சேர்ந்தது. செடியின் நுனிக்குருத்தில் வெள்ளையாக மாவு அப்பியது போல இருக்கும். இலைகள் சுருண்டு கொத்தாகிவிடும், கணுக்கள் நெருங்கித் தண்டு கோணிக்கொள்ளும். கிழங்கு சிறுப்பது ஒரு நஷ்டம் என்றால், அடுத்த நடவுக்கு நல்ல கரணை கிடைக்காமல் போவது இன்னொரு நஷ்டம்.

இந்தப் பூச்சியின் பிறந்த மண் தென் அமெரிக்கா. 1970-களில் ஆப்பிரிக்காவுக்குப் போய் அங்கே ஏழைகளின் சோற்றையே பறித்தது. 2008-இல் தாய்லாந்தில் தெரிந்தது. பெண்பூச்சிக்கு இறகு கிடையாது, கடலைத் தாண்டிப் பறந்து வர அதற்கு வழியில்லை. கண்டம் விட்டுக் கண்டம் போவதெல்லாம் மனிதர்கள் கொண்டுபோகும் நடவுப் பொருளில் ஒட்டிக்கொண்டுதான். இன்னொன்றையும் கவனியுங்கள். இந்த இனத்தில் ஆண் துணை இல்லாமலே பெண்பூச்சி முட்டையிடும். அதாவது ஒரு குச்சியில் ஒரே ஒரு பூச்சி உயிரோடு வந்தாலே ஒரு கூட்டம் உருவாகிவிடும்.

நமக்கு இது முதல் அனுபவமும் அல்ல. 2008-இல் கோவையில் தென்பட்ட பப்பாளி மாவுப்பூச்சி பப்பாளியோடு நிற்கவில்லை, பட்டுப்புழுவுக்கான மல்பெரியையும் மரவள்ளியையும் பிடித்தது. 2016-இல் பொள்ளாச்சித் தென்னையில் சுருள் வெள்ளை ஈ வந்தது. தென்னை ஓலை கறுத்துப் போயிருப்பதை அந்தப் பக்கம் பஸ்ஸில் போனவர்கள்கூடப் பார்த்திருப்பார்கள்.

சட்டம் என்ன சொல்கிறது?

1914-ஆம் ஆண்டின் அழிவு தரும் பூச்சிகள் சட்டத்தின்கீழ் வந்த 2003-ஆம் ஆண்டு தாவரத் தொற்றுத்தடுப்பு ஆணைதான் இன்றைக்கு நடைமுறை. அதிகாரிகள் 'பிளான்ட் குவாரன்டைன்' என்று சொல்வது இதைத்தான். நடுவதற்காகச் செடி, கிளை, கிழங்கு, விதை எது கொண்டுவந்தாலும் இரண்டு தாள்கள் வேண்டும். ஒன்று, பொருள் கிளம்புவதற்கு முன்பே இங்கே வாங்க வேண்டிய இறக்குமதி அனுமதி. இதற்கு பி.க்யூ.எம்.எஸ். இணையதளத்தில் விண்ணப்பிக்கலாம். மற்றொன்று, அந்த நாட்டு வேளாண் துறை சோதித்துத் தரும் தாவரச் சுகாதாரச் சான்றிதழ். ஊருக்கு வந்தபிறகு வாங்கிக்கொள்ளலாம் என்பது நடக்காது. நர்சரிக்காரர் தரும் பில் சான்றிதழ் ஆகாது.

வேரோடு மண் ஒட்டியிருந்தால் அனுமதி இல்லை. வைக்கோல் சுற்றிக் கட்டியதும் அப்படித்தான். சில செடிகளைச் சில நாடுகளிலிருந்து கொண்டுவரவே தடை உண்டு. தாள்கள் சரியாக இருந்தாலும் இங்கே அதிகாரி சோதித்துப் பார்ப்பார். தேவைப்பட்டால் புகைமூட்டம் செய்வார்கள், இல்லையென்றால் திருப்பி அனுப்புவார்கள் அல்லது அழிப்பார்கள். பதியன், குச்சி போன்றவற்றைச் சில காலம் தனி இடத்தில் வளர்த்து நோய் இல்லை என்று பார்க்க வேண்டியும் வரும். ஆன்லைனில் ஆர்டர் செய்து பார்சலில் வரும் விதைக்கும் இதே விதிதான். 2020-இல் கேட்காமலேயே வீடுகளுக்கு வந்த மர்ம விதைப் பொட்டலங்கள் பற்றி மத்திய வேளாண் அமைச்சகம் எச்சரித்தது நினைவிருக்கலாம்.

அப்படியானால் ஒரு ஆப்பிள்கூடக் கொண்டுவரக் கூடாதா? கொண்டுவரலாம். சொந்த உபயோகத்துக்கான பழம், காய்கறி, பறித்த பூ, மாலை இரண்டு கிலோவுக்குள் இருந்தால் இந்தத் தாள்கள் இல்லாமலே அனுமதிக்கப்படும். இது தின்பதற்கும் சூடுவதற்கும் தந்த சலுகை. பழத்தைத் தின்றுவிட்டு விதையை ஊன்றி வைப்போம் என்று கணக்குப் போடாதீர்கள்.

இறைச்சிக்கும் பால் பொருளுக்கும் சட்டம் வேறு. 1898-ஆம் ஆண்டின் கால்நடை இறக்குமதிச் சட்டத்தில் 2001-இல் கால்நடைப் பொருட்களும் சேர்க்கப்பட்டன. பதப்படுத்திய பன்றி இறைச்சியில் ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் வைரஸ் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். அந்த நோய் 2020-இல் வடகிழக்கு மாநிலங்களில் நுழைந்து பண்ணைகளைக் காலி செய்தது. நாய், பூனையைக் கூடவே கூட்டி வருபவர்கள் டிக்கெட் போடும் முன்பே பள்ளிக்கரணையில் உள்ள கால்நடைத் தொற்றுத்தடுப்பு நிலையத்தில் விவரம் கேட்டுக்கொள்ளுங்கள்.

இந்த விதியிலிருந்து மருந்துக்குக்கூட விலக்கு கிடையாது. மரவள்ளி மாவுப்பூச்சியைக் கட்டுப்படுத்த ஒரு சின்னஞ்சிறு குளவி ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டிலிருந்து வரவழைக்கப்பட்டது. உழவர்கள் காத்துக்கொண்டிருந்தாலும் அது நேராக வயலுக்குப் போகவில்லை. அனுமதி பெற்று வந்து, பெங்களூருவில் உள்ள தேசிய வேளாண் பூச்சி வளங்கள் நிறுவனத்தின் ஆய்வகத்தில் அடைத்து வைத்துச் சோதித்த பிறகுதான், 2022-இல் சேலம் மாவட்டம் ஏத்தாப்பூரில் திறந்துவிட்டார்கள்.

பையில் சந்தேகமான பொருள் ஏதும் இருந்தால் பச்சை வழியில் போக வேண்டாம். சிவப்பு வழியில் போய் நீங்களாகவே சொல்லிவிடுங்கள். சென்னையில் தாவரங்களுக்கான மண்டல நிலையம் மீனம்பாக்கம் ஜி.எஸ்.டி. சாலையிலேயே இருக்கிறது. பயணத்துக்கு முன்பே அங்கே விசாரிக்கலாம். ஏற்கெனவே கொண்டுவந்து நட்டாயிற்று, குருத்தில் வெள்ளையாக ஏதோ தெரிகிறது என்றால் அந்தச் செடியிலிருந்து யாருக்கும் கிளை ஒடித்துக் கொடுக்காதீர்கள். போட்டோ எடுத்துக்கொண்டு உங்கள் வட்டாரத் தோட்டக்கலை உதவி இயக்குநர் அலுவலகத்தில் காட்டுங்கள். செடியைக் கையில் தூக்கிக்கொண்டு போக வேண்டாம்.