நெல்மணிக்குத் திரும்பும் கிளி

தம்பி,

உன் சிறுவர் நாவலை சென்ட்ரலில் கும்மிடிப்பூண்டி ரயில் ஏறியதும் பிரித்தேன். மீஞ்சூர் வருவதற்குள் பென்சிலை எடுத்துவிட்டேன். கோபத்தில்தான்.

உன் கிளி மீனாட்சி, பெண். அதன் கழுத்தில் ரோஜா நிற ஆரம் என்று நாலு இடத்தில் எழுதியிருக்கிறாய். நம்மூர்ப் பச்சைக்கிளியில் வளர்ந்த ஆணுக்குத்தான் அந்த ஆரம். மீனாட்சி கையில் கிளி இருக்கலாம். கிளிக்கே மீனாட்சி என்று பெயர் வைக்கிறவன் அதன் கழுத்தையும் ஒரு தடவை பார்க்க வேண்டாமா?

சரி, அதை ஒரு மத்தியானத்தில் திருத்திவிடலாம். பன்னிரண்டாம் அத்தியாயத்தை என்ன செய்வது? சிப்காட் ரோலிங் மில் தொழிலாளியின் மகன், அந்த ஒடியாப் பையன், ராத்திரியில் ஜோசியரின் கூண்டைத் திறக்கிறான். கிளி ஜிவ்வென்று பறந்து புகைபோக்கிகளுக்கு மேலே மறைகிறது. பக்கம் முழுக்க ஆச்சரியக்குறி.

நீ கிளி ஜோசியத்தை உட்கார்ந்து பார்த்ததுண்டா? ஜோசியர் கதவைத் தூக்குவார். கிளி நடந்து வரும். சீட்டுகளை ஒவ்வொன்றாய்த் தள்ளி, ஒன்றை எடுத்துக் கொடுக்கும். ஒரு நெல்மணியை வாங்கிக்கொண்டு தானே உள்ளே போய்விடும். வியாபாரம் நடக்கிற நாளில் எத்தனை தடவை அந்தக் கதவு திறக்கிறது! ஏன் பறக்கவில்லை? றெக்கையை வெட்டியிருப்பார்கள். உன் நாவல் முழுக்கத் தேடினேன், ஒரு கத்தரிக்கோல் இல்லை.

நானும் திறந்துவிட்டவன்தான். ஏழாம் வகுப்பு. பக்கத்து வீட்டுக் கிளி வேலியோரம் தொப்பென்று விழுந்தது. மிச்சத்தைப் பூனை பார்த்துக்கொண்டது. மூன்று நாள் நான் சாப்பிடவில்லை என்று அப்பா உயிர் காலேஜுக்குக் கூட்டிப்போனார். உன் வயசுக்காரர்களுக்கு அந்தப் பெயரே தெரியாது. எழும்பூர் மியூசியம் செத்த காலேஜ், மூர் மார்க்கெட் பக்கத்து மிருகக்காட்சிசாலை உயிர் காலேஜ். பால்ஃபர் என்ற வெள்ளைக்காரர் 1855-இல் மியூசியத்திலேயே ஆரம்பித்தது. 1985-இல் வண்டலூருக்குப் போய்விட்டது. நாங்கள் போன அன்று உயிர் காலேஜில் ஒரு புலி கம்பியோரம் போய்ப் போய் வந்தது. அது திரும்புகிற இடத்தில் மட்டும் தரை வழவழவென்றிருந்தது. வெளியே வந்தால் மூர் மார்க்கெட்டில் கூண்டு கூண்டாய்க் கிளி விற்றுக்கொண்டிருந்தார்கள். அப்பா என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

கேத்தரின் ஆப்பிள்கேட்டின் ஐவன் நாவலைப் படி. 2013-இல் நியூபெரி பரிசு வாங்கியது. நிஜமான ஐவன் அமெரிக்காவின் டகோமா நகரக் கடை வளாகமொன்றில் 27 வருஷம் அடைபட்டுக் கிடந்த கொரில்லா. 1994-இல் அது போனது அட்லாண்டா மிருகக்காட்சிசாலைக்கு. காட்டைத் திரும்பப் பார்க்காமலே 2012-இல் செத்தது. நாவலிலும் ஐவன் காட்டுக்குப் போவதில்லை. குழந்தைகள் அதைத் தாங்கிக்கொண்டார்கள்.

வனத்துறையைக் கூப்பிட்டுக் கதையை முடித்துவிடாதே. கிளியை அடைத்து வைப்பது 1972-ஆம் வருஷச் சட்டப்படி குற்றம்தான். 2024 தேர்தலில் கடலூர் வேட்பாளர் தங்கர் பச்சானுக்கு வெற்றி என்று சீட்டு எடுத்துக் கொடுத்தது ஒரு கிளி. அதற்குப் பிறகுதான் வனத்துறை ஜோசியரைப் பிடித்தது. அதுவரை எல்லோரும் சீட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம்.

வெட்டிய இறகு உதிர்ந்து, புதுசு முளைக்கும். அதற்கு மாசக்கணக்கில் ஆகும். முளைத்ததை ஜோசியர் பார்த்தால் மறுபடியும் வெட்டுவார். அவர் கண்ணிலிருந்து அதைப் பையன் எப்படி மறைப்பான்? அப்பாவின் கான்ட்ராக்ட் முடிந்து அவன் ஊருக்கு ரயில் ஏறுவதற்குள் இறகு முளைத்துவிடுமா? இதை எழுது.

ஐந்தாம் அத்தியாயத்தைப் பற்றி ஒரு வார்த்தை. தமிழே தெரியாத அந்தப் பையன், ஜோசியர் கிளியைக் கூப்பிடுவதைக் கேட்டுக் கேட்டு, தன் முதல் தமிழ் வாக்கியமாக "வெளிய வா, ஒரு சீட்டு எடு" என்று அம்மாவிடம் சொல்கிறானே! நாற்பது வருஷமாகக் குழந்தைகளுக்கு எழுதுகிறேன், என்னிடம் இப்படி ஒரு பக்கம் கிடையாது. கவரைப்பேட்டை வரை அதையே திரும்பத் திரும்பப் படித்தேன். பொன்னேரியில் இறங்க மறந்திருக்கிறேன்.

பன்னிரண்டாம் அத்தியாயத்தை மட்டும் இத்துடன் திருப்பி அனுப்புகிறேன். மற்ற பதினொன்றும் என்னிடமே இருக்கட்டும்.