சொம்பில் இருப்பது எந்த ஈயம்?

நம்பிக்கை: ஈயம் நஞ்சு. ஆகவே ஈயச் சொம்பில் வைக்கும் ரசமும் நஞ்சு.

உண்மை: முன்னதில் வரும் ஈயம் வேறு, பின்னதில் வரும் ஈயம் வேறு. தமிழில் ஈயம் என்பது இரண்டு தனிமங்களுக்குப் பொதுப்பெயர். கருத்தது காரீயம், வெளுத்தது வெள்ளீயம். புழக்கத்தில் காரும் வெள்ளும் உதிர்ந்து, வெறும் ஈயம் மிஞ்சியது. கார் பேட்டரிக்குள் இருப்பது காரீயம். நரம்பையும் மூளையையும் கெடுப்பது, குழந்தைகளை அதிகம் தாக்குவது அதுதான். ரசச் சொம்பு செய்வதும் பித்தளைப் பாத்திரத்துக்கு உள்ளே பூசுவதும் வெள்ளீயத்தில்.

பெயர் வைத்த நம் முன்னோரைக் குறைசொல்ல வேண்டாம். ரோமானியரும் இதையேதான் செய்தார்கள். முதலாம் நூற்றாண்டில் ரோமானிய எழுத்தாளர் பிளினி எழுதிய நூலில் கறுப்புப் பிளம்பம், வெள்ளைப் பிளம்பம் என்று இரண்டு உண்டு. நம் காரீயம், வெள்ளீயம் போலவே. காரீயக் குழாயாகப் பதிக்கப்பட்ட அந்தப் பிளம்பத்திலிருந்துதான் நம் வீட்டுக்கு வரும் பிளம்பரும் பெயர் பெற்றார். வெள்ளீயத்துக்கு இன்று வழங்கும் ஸ்டேன்னம் என்ற லத்தீன் பெயர்கூட முதலில் வெள்ளியும் காரீயமும் கலந்த உலோகத்தைக் குறித்ததுதான். (பென்சிலில் காரீயம் இருக்கிறது என்பதும் பெயரால் வந்த வினை. உள்ளே இருப்பது கிராஃபைட். அது கார்பனின் ஒரு வடிவம் என்று வேதியியலாளர் ஷீலே 1779இல் காட்டிவிட்டார்.)

ஈயச் சொம்பைப் பழகியவர்கள் புளிக்கரைசலை ஊற்றிய பிறகே அடுப்பைப் பற்றவைப்பார்கள். உள்ளே ரசம் இருக்கும்வரை சூடு 100 டிகிரியை ஒட்டியே நிற்கும். வெள்ளீயம் உருக 232 டிகிரி வேண்டும். வெறும் சொம்பை ஏற்றினாலோ, ரசம் வற்றுவது தெரியாமல் போனில் பேசிக்கொண்டிருந்தாலோ, அடிப்பாகம் உருகி பர்னர்மேல் வெள்ளி மணிகளாகச் சொட்டும்.

இருந்தாலும் பயம் முழுக்க வீண் இல்லை. காரீயம் விலை மலிவு. அதைக் கலந்து வார்த்த சொம்பென்றால் புளியும் தக்காளியும் அதைக் கரைத்து ரசத்தில் சேர்த்துவிடும். பார்வைக்கு வித்தியாசம் தெரியாது. வாங்கும்போது கலப்பில்லை என்பதற்குச் சோதனைச் சான்று கேளுங்கள்.

இன்னொன்று: ரேடியோ ரிப்பேர் கடையில் ஈயம் என்று சொல்வது பெரும்பாலும் இரண்டும் கலந்தது, நூற்றுக்கு நாற்பது பங்குவரை காரீயம். ஓட்டைச் சொம்பை அங்கே கொடுத்துப் பற்றுவைத்து வாங்கியிருந்தால், அதில் பேனா போட்டு வையுங்கள்.