கயல்விழிக்கு, அந்த லீ-என்ஃபீல்டு பற்றி

அன்புள்ள கயல்விழிக்கு,

நீ அனுப்பிய படங்களை ஒவ்வொன்றாகப் பெரிதாக்கிப் பார்த்தேன். ராணுவப் பணிமனையில் துப்பாக்கி பழுதுபார்க்கும் ஆர்மரராக இருந்த காலத்தில் என் கையில் அதிகம் புழங்கியது இந்த .303 ரைபிள்தான். அதைப் படிக்கும் வேலை உன் அருங்காட்சியக மேசைக்கு வந்திருப்பதில் எனக்குப் பெரிய சந்தோஷம்.

எதைத் தொடங்கும் முன்னும் மேகசினைக் கழற்று, போல்டைத் திற, அறைக்குள் தோட்டா இல்லை என்று கண்ணாலும் விரலாலும் உறுதி செய். அருங்காட்சியகத்துக்குள் வந்துவிட்டது என்பதற்காக ஒருநாளும் இதை விட்டுவிடாதே.

தங்கள் தாத்தா முதல் உலகப் போரில் கல்லிப்போலியில் ஏந்திய துப்பாக்கி என்று கொடுத்தவர்கள் சொல்கிறார்கள், இல்லையா? போல்ட் கைப்பிடிக்குக் கீழே, வலப்பக்க இரும்பில் இருக்கும் முத்திரையைப் பார். கிரீடம், ஜி.ஆர்., என்ஃபீல்டு, 1917, மார்க் 3 ஸ்டார். கல்லிப்போலியிலிருந்து கடைசிப் படைகள் வெளியேறியது 1916 ஜனவரியில். அந்த 'ஸ்டார்' வடிவமே 1916இல்தான் வந்தது. போர் அவசரத்தில் கட்-ஆஃப் தகடு, பக்கவாட்டில் இருந்த தொலைதூர வாலி சைட் இவற்றையெல்லாம் விட்டுவிட்டு வேகமாகச் செய்தார்கள். ஆகவே இந்தத் துப்பாக்கி அங்கே போயிருக்க வழியில்லை. அதற்காக அந்தக் குடும்பம் பொய் சொல்கிறது என்று நினைத்துவிடாதே. தாத்தா போயிருக்கலாம், வேறொரு துப்பாக்கியோடு. பதிவேட்டில் குடும்பம் சொன்னதை அவர்கள் சொன்னபடியே ஒரு பத்தியில் எழுது. இரும்பு சொல்வதை இன்னொரு பத்தியில் எழுது. இரண்டையும் கலக்காதே.

உன் மூன்றாவது படத்தில் முன்கட்டையின் குறுக்கே ஒரு திருகு தெரிகிறது. அதைப் பார்த்ததும் எழுந்து உட்கார்ந்துவிட்டேன். கட்டை பிளக்காமல் இருக்க இஷாப்பூரில் போட்ட திருகு அது. கல்கத்தாவுக்கு வடக்கே ஹூக்ளிக் கரையில் உள்ள அந்தத் துப்பாக்கித் தொழிற்சாலையின் கை இதில் பட்டிருக்கிறது. இங்கிலாந்தில் பிறந்து, இந்தியாவில் உழைத்துவிட்டுத் திரும்பிய துப்பாக்கியாக இருக்கலாம். ஆனால் யாரோ ஒரு வியாபாரி உடைந்த கட்டைக்குப் பதிலாக இந்தியக் கட்டையை மாட்டியிருக்கவும் கூடும். எது உண்மை என்று எண்கள்தான் சொல்ல வேண்டும்.

வரிசை எண் குழலின் அடிப்பகுதியில், ரிசீவரின் முன்வளையத்தில், போல்ட் கைப்பிடியின் பின்புறத்தில், பின் சைட் தகட்டின் அடியில், நோஸ் கேப்பில், முன்கட்டையின் அடிப்புறம் முனைக்கு அருகில் இருக்கும். எல்லாம் ஒத்துப்போனால் நல்லது. ஒத்துப்போகாவிட்டால் ஏமாற்றம் வேண்டாம். பழைய எண்ணின் மேல் ஒரு கோடு இழுத்துப் பக்கத்தில் புது எண் அடித்திருந்தால், அது ஒரு ஆர்மரர் ஒளிவுமறைவில்லாமல் செய்த வேலை. அப்படிப் பழுதுபார்க்கப்பட்ட துப்பாக்கி என் கணக்கில் அசல்தான். சேவையில் இருந்த பொருள் சேவையில் மாறியிருக்கிறது, அவ்வளவே. பழைய எண்ணை அரைத்தெடுத்து, பள்ளத்தின் அடி பளபளக்கப் புதிதாக அடித்திருந்தால் நின்று யோசி. பணிமனைகளிலும் அரைத்து அடித்ததுண்டு, அதனால் உடனே போலி என்று எழுதிவிடாதே. புது எழுத்தின் மேல் மற்ற இடங்களைப் போலவே தேய்மானமும் கறுப்பும் படிந்திருக்கிறதா என்று லென்ஸ் வைத்துப் பார்.

இதைச் சொல்லும்போது தர்ரா ஆதம் கேல் என்ற ஊர் நினைவுக்கு வருகிறது. அந்தப் பக்கத்துப் பட்டறைகளில் கையால் செய்த நகல்கள் உன் அருங்காட்சியகத்துக்கும் ஒருநாள் வரும். விக்டோரியா ராணி இறந்தது 1901இல். வி.ஆர். என்ற முத்திரைக்குக் கீழே அதற்குப் பல ஆண்டுகள் பிந்திய தேதி இருந்தால், அது நகலாக இருக்கலாம் என்று சந்தேகப்படு. எழுத்துகள் தலைகீழாகத் திரும்பியிருப்பதும் உண்டு. அவர்களின் கைத்திறனை நான் மதிக்கிறேன். அதையும் அதன் சொந்தப் பெயரிலேயே பதிவு செய்.

துப்பாக்கியின் நிலையைப் பொறுத்தவரை, முதலில் கட்டையைத் தடவிப் பார். பின்கட்டை இரும்புச் சாக்கெட்டைச் சந்திக்கும் இடத்தில் மரம் இரும்பைவிடத் தாழ்ந்திருந்தால் யாரோ உப்புத்தாள் போட்டிருக்கிறார்கள். மரத்தில் அடித்த முத்திரைகளின் ஓரம் மழுங்கியிருந்தாலும் அப்படியே. எனக்கு இதுதான் மிகவும் வலிக்கும். துருவை நிறுத்தலாம், உடைந்த கட்டையை ஒட்டலாம். தேய்த்து எடுத்த முத்திரையைத் திரும்பக் கொண்டுவர யாராலும் முடியாது.

குழலுக்குள் விளக்கடித்துப் பார். 5 பள்ளங்கள், இடப்பக்கம் சுழலும். அக்காலத் தோட்டாக்களின் பிரைமர் விட்டுச்செல்லும் உப்பு ஈரத்தை இழுக்கும். சுட்டபின் வெந்நீர் விட்டுக் கழுவாத குழலில் துருக்குழிகள் இருக்கும். வாய்ப்பகுதி ஒருபக்கமாகத் தேய்ந்திருந்தால் அது சுட்டதால் வந்தது அல்ல. சிப்பாய்கள் வருஷக்கணக்கில் குழலைத் துடைக்கும் புல்த்ரூ கயிற்றைச் சாய்த்து இழுத்த தடம். அதை அப்படியே எழுது, ஒரு மனிதனின் தினசரி வேலை அங்கே பதிந்திருக்கிறது.

கழற்ற வேண்டி வந்தால் ஒன்றை மறக்காதே. பின்கட்டையின் உள்ளே ஓடும் நீளமான போல்ட்டின் சதுர முனை, முன்கட்டையின் பின்கோடியில் உள்ள தகட்டுக்குள் பொருந்தி நிற்கிறது. முன்கட்டையை எடுக்காமல் அந்தப் போல்ட்டைத் திருப்பினால் முன்கட்டை பிளந்துவிடும். முதலில் முன்கட்டை, பிறகே பின்கட்டை. திருகுகளின் வாய்க்குச் சரியாகப் பொருந்தும் ஸ்க்ரூ டிரைவர் இல்லாவிட்டால் அன்றைக்குக் கழற்றவே வேண்டாம். உங்கள் மேலாளர் அவசரப்படுத்தினாலும் பணிவாக மறுத்துவிடு.

எஃகுக் கம்பளி, பாலிஷ், வார்னிஷ் எதுவும் அதன் அருகே வரக்கூடாது. மெல்லிய எண்ணெய் தொட்ட துணி, பருத்திக் கையுறை, ஈரம் ஏறாத அறை போதும்.

போல்ட் கைப்பிடி எண்ணையும் முன்கட்டையின் அடிப்புற எண்ணையும் பக்கவாட்டு வெளிச்சத்தில் படமெடுத்து அனுப்பு. அவை ரிசீவரில் உள்ள எண்ணோடு ஒத்துப்போகின்றனவா என்று பார்த்துவிட்டுத்தான் இஷாப்பூர் பற்றி நீ பதிவேட்டில் ஒரு வரி எழுத வேண்டும்.

அன்புடன்,
சித்தப்பா